கணக்குப் புத்தகம் யாருடைய கையில்?

முஸ்லிம் நாடுகளின் இராணுவங்களைப் பற்றி இங்கே இரண்டு கதைகள் உலாவுகின்றன. முதற் கதையை ஐரோப்பியப் பத்திரிகைகள் சொல்கின்றன. இஸ்லாமுக்கும் ஜனநாயகத்துக்கும் ஒத்துவராதாம், அதனால்தான் அங்கெல்லாம் ஜெனரல்கள் ஆட்சிக்கு வருகிறார்களாம். இரண்டாவது கதை எங்கள் இடதுசாரி நண்பர்கள் சிலருடையது. துருக்கியும் பாக்கிஸ்தானும் தாமே ஆயுதம் செய்து தமக்குள்ளே விற்று வாங்குவது மேற்குலகின் பிடியிலிருந்து விடுபடுவதாம். இரண்டு கதைகளும் ஒரே கேள்வியைக் கேட்காமல் நழுவுகின்றன. அந்த ஆயுதங்களுக்கான கணக்கை யார் பார்க்கிறார்கள்?

முதற் கதையை முடித்துவைக்க அதிக நேரம் வேண்டாம். 1967இல் கிரேக்கத்திலும் 1973இல் சிலியிலும் 1976இல் ஆர்ஜென்ரீனாவிலும் ஆட்சியைப் பறித்த அதிகாரிகள் எந்தப் பள்ளிவாசலில் தொழுதார்கள்? மறுபுறம், கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியா, சுகார்த்தோ 1998இல் விழுந்த பிறகு, பாராளுமன்றத்தில் இராணுவத்துக்கென ஒதுக்கியிருந்த ஆசனங்களை 2004இல் இல்லாமற் செய்தது. 2025 மார்ச்சில், சேவையிலிருக்கும் அதிகாரிகள் வகிக்கக்கூடிய சிவில் பதவிகளைக் கூட்டிச் சட்டம் திருத்தப்பட்டபோது வீதிக்கு இறங்கி எதிர்த்த மாணவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான். மதத்தைக் குற்றஞ்சாட்டிவிட்டுத் தூங்கப்போகும் சோம்பேறித்தனம் எம்மவரிடமும் தாராளமாக உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் துரத்தியதற்கு நியாயம் சொன்ன வாய்களுக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கதைதான் ஆபத்தானது. அது முற்போக்கு உடுப்பு அணிந்து வருகிறது.

பாக்கிஸ்தானை எடுப்போம். 1958, 1977, 1999 என மூன்று தடவை ஜெனரல்கள் நேரடியாக ஆட்சியைப் பிடித்தார்கள். எந்தப் பிரதமரும் இன்றுவரை ஐந்து வருடப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்ததில்லை. இவை பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத விடயம் வேறு. பல பத்தாண்டுகளாகப் பாதுகாப்புச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் ஒற்றை வரியாகவே வந்தது. 2008இல்தான் சில விபரங்கள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. இராணுவத்தினரின் ஓய்வூதியத்தை 2000இல் சிவில் செலவுக்குள் தள்ளிவிட்டார்கள். பாதுகாப்புச் செலவு பார்வைக்கு மெலிந்து போனது. இதற்கு வெளியே இராணுவத்தின் வியாபாரம் இருக்கிறது. ஃபௌஜி பவுண்டேசன் உரமும் சீமெந்தும் விற்கிறது, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியமும் விற்கிறது. இதை ஆயிஷா சித்திக்கா 2007இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்.

அப்போ இன்றைய பாராளுமன்றம்? 2025 நவம்பரில் அது 27ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. தரைப்படைத் தளபதி முப்படைகளுக்கும் தலைவரானார். பீல்ட் மார்ஷல் பட்டம் பெற்றவருக்கு ஆயுட்காலம் முழுவதற்கும் வழக்கிலிருந்து விலக்கும் கிடைத்தது. கைதூக்கியவர்கள் எல்லோரும் சிவிலியன்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

துருக்கி மறுபக்கம். 1960இலும் 1980இலும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1971இலும் 1997இலும் எச்சரிக்கை அனுப்பியே அரசாங்கங்களை வீழ்த்தியது. பிரதமர் மெண்டெரெஸை 1961இல் தூக்கிலிட்டார்கள். 2016 யூலையில் நடந்த சதிமுயற்சியை மக்கள் டாங்கிகளுக்கு முன்னால் நின்று முறியடித்தார்கள். அந்த மக்களுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் உயிர் கொடுத்து மீட்டது யாருடைய கைக்குப் போனது? ஆயுதக் கொள்வனவைக் கவனிக்கும் நிறுவனம் 2017 டிசம்பரில் ஜனாதிபதியின் கீழ் வந்தது. அதற்குப் பணம் கொடுக்கும் நிதியம் 1985இலிருந்தே பொது வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியில் இருக்கிறது. நாட்டின் பெயர்பெற்ற ட்ரோன்களைச் செய்யும் தனியார் கம்பனியின் தலைவர்களில் ஒருவர் ஜனாதிபதியின் மருமகன். இராணுவம் ஒரு மனிதருக்குக் கீழ்ப்படிகிறது. அந்த மனிதர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதுதான் கேள்வி. ஜெனரலின் இடத்தில் கோட் போட்டவர் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் குடிமக்கள் மேலாண்மை என்று சொல்ல முடியாது.

நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ற் குசினியில் ஒரு பாக்கிஸ்தான்காரரும் ஒரு குர்தியரும் இருக்கிறார்கள். பாக்கிஸ்தான்காரருக்குத் தங்கள் ஜேஎஃப்-17 விமானத்தை அஸர்பைஜான் வாங்குவதில் பெருமை. "முஸ்லிம்கள் முஸ்லிம்களிடம் வாங்குகிறார்கள், இதில் என்ன பிழை அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். குர்தியர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் "ரொபோஸ்கி" என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னார். 2011 டிசம்பரில், எல்லையில் எண்ணெய்யும் சிகரெட்டும் கடத்திப் பிழைத்த 34 குர்தியரைத் துருக்கிய விமானங்கள் குண்டுபோட்டுக் கொன்ற இடம் அது. செத்தவர்களும் முஸ்லிம்கள், கொன்றவர்களும் முஸ்லிம்கள். அப்போது ஆட்சியில் இருந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கம்தான். 2014 ஜனவரியில் இராணுவ வழக்குத்தொடுநர்கள் அதைத் தவிர்க்கமுடியாத தவறு என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சகோதரத்துவம், சுயசார்பு என்ற சொற்களின் கனத்தையும் பார்ப்போம். பாக்கிஸ்தான் 2018இல் துருக்கியிடம் 30 போர் ஹெலிகொப்டர்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. என்ஜினில் அமெரிக்கப் பங்கு இருந்தது, வாஷிங்டன் அனுமதி கொடுக்கவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. ஜேஎஃப்-17 சீனாவுடன் சேர்ந்து செய்தது, அதில் பொருத்தியிருப்பது ரஷ்ய என்ஜின். சுயசார்பு இவ்வளவுதான்.

சகோதரத்துவத்தின் உண்மை விலையைச் சூடான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2019 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சியால் அல்-பஷீர் விழுந்தார். பிரதமராக வந்த ஹம்தோக், இராணுவத்தின் கம்பனிகள் நிதி அமைச்சின் கீழ் வரவேண்டும் என்று 2020இல் பகிரங்கமாகவே கேட்டார். 2021 ஒக்டோபரில் ஜெனரல்கள் அவரைப் பிடித்து அடைத்தார்கள். கவிழ்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், ஆனால் காசுப்பெட்டியில் கைவைத்தவர் முதலில் போனார் என்பது கண்முன்னால் நடந்தது. 2023 ஏப்ரலில் அதே ஜெனரல்கள் தமக்குள் அடிபட்டார்கள். ஒரு பக்கத்துக்குத் துருக்கிய ட்ரோன்கள் போனதாகச் செய்திகள் வந்தன. மறுபக்கத்துக்கு ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆயுதம் அனுப்புவதாக வந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024இல் எழுதியது, எமிரேட்ஸ் மறுக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சூடானியர் வீடிழந்தார்கள். அவர்களும் சகோதரர்கள்தானே?

இது எமக்குத் தூரத்து விடயம் என்று சொல்லமுடியாது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தபின் யாழ்ப்பாணத்தில் வெடித்த பல்குழல் எறிகணைகளை நினைவிருக்கிறதா? அவற்றை ஏவும் பீரங்கிகளைக் கொழும்புக்குக் கொடுத்தது பாக்கிஸ்தான். அப்போது அங்கே ஆண்டது 1999இல் ஆட்சியைப் பறித்த ஜெனரல். அந்த விற்பனையில் உம்மாவும் இல்லை, சகோதரரும் இல்லை. வாங்கியது பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த அரசு. அதே அரசுக்கு இஸ்ரேலும் கிஃபீர் விமானங்களை விற்றது. கொடுப்பதா வேண்டாமா என்று பாக்கிஸ்தானின் எந்தப் பாராளுமன்றமும் விவாதிக்கவில்லை. பாராளுமன்றமே அப்போது இடைநிறுத்தப்பட்டிருந்தது. எங்கள் கூரைகளில் விழுந்தவற்றுக்கும் இஸ்லாமாபாத்தில் மூடிக்கிடந்த அந்தக் கட்டடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை யாராவது ஒரு முஸ்லிம் நாடு இன்னொரு முஸ்லிம் நாட்டுக்கு விமானம் விற்றதைக் கொண்டாடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் விலை பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டதா? விற்ற காசு எந்தக் கணக்கில் விழுந்தது? அந்த ஆயுதத்தால் ஒரு கிராமம் எரிந்தால் யாரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம்? பதில் இல்லாத இடத்தில் ஆள்பவர் தாடி வைத்திருந்தாலென்ன, தொப்பி வைத்திருந்தாலென்ன, தேர்தலில் வென்றிருந்தாலென்ன? இதே மூன்று கேள்விகளை இங்கே எங்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஐரோப்பிய அரசுகளிடமும் கேட்கவேண்டும். எங்கள் பெயரில் காசு சேர்த்து ஆயுதம் வாங்கியவர்களிடம் அன்று யாரும் கேட்கத் துணியவில்லை.