தேடிச் செல்ல வேண்டிய நோய்

க்ஷயரோகத்தைக் கண்டறிந்த வைத்தியர், அரசாங்க ஊழியராயினும் சொந்தமாக மருத்துவசாலை நடத்துகிறவராயினும், அதைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் விதித்ததும், அவ்வாறு வரும் பெயர்களையெல்லாம் ஒருங்கே பதிந்துவைக்க ‘நிக்ஷய்’ என்னும் கணினிப் பதிவேட்டை ஏற்படுத்தியதும் சிலாக்கியமான காரியங்களே. ஆயினும், வைத்தியரிடம் வந்து சேர்ந்தவர் பெயரே பெரும்பாலும் அதில் ஏறுகிறது. வராதவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

நோயாளி தாமாகவே வருவார் என்ற நம்பிக்கை காரணமின்றிப் பிறந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் பெங்களூர்த் தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லாவில் விசாரித்தபோது, நோய் கண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னமே வைத்திய உதவி நாடிப் போயிருந்ததும், போன இடத்தில் இன்ன நோயென்று அறியாமல் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டிருந்ததும் வெளிப்பட்டன. வருகிறவர்களையே செவ்வையாகப் பரிசோதியாத தேசம் வீடு வீடாகத் தேடப் புறப்படுவது எங்ஙனம் என்று அன்று எண்ணியது நியாயமே.

இன்று அந்த நியாயம் செல்லாது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் க்ஷயம் குணமாகும் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய அதே சென்னைச் சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையம், 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடத்திய ஆய்வில், 15 வயது நிரம்பியவர்களில் லட்சத்துக்கு 316 பேர் நுரையீரல் காசநோயுடன் இருக்கக் கண்டது. அவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், இருமலா ஜுரமா என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இல்லையென்று சொல்லி, மார்பு எக்ஸ்ரே படம் ஒன்றினாலேயே அகப்பட்டவர்கள்! அறிகுறி இருப்பதாகச் சொன்ன ஜனங்களிலும் நூற்றுக்கு 64 பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. இதை அறிந்த பின்னும், இரண்டு வாரம் இருமினால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சுவரில் எழுதிவைத்து நாம் நிம்மதி கொள்வது எவ்விதத்தில் தர்மமாகும்?

ஒருவர் கையில் தூக்கிச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், கல்லுடைக்கும் இடங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் நெருக்கமான குடியிருப்புகளுக்கும், கூலிக்குப் போனவர் வீடு திரும்பும் அந்தி வேளையிலேயே, அவை கிரமமாகப் போகவேண்டும். நோய் கண்டவர் வீட்டிலுள்ள அனைவரையும், குழந்தைகள் உட்பட, தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். அவ்வாறு அறிந்த பெயர் அண்டை அயலார் செவிக்கு எட்டாமல் காக்கப்படுவதும் அத்தியாவசியம்; பெண்ணின் விவாகம் தடைப்படுமோ, வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும்வரையில் ஜனங்கள் கதவைத் திறக்கமாட்டார்கள்.

இப்படித் தேடத் தொடங்கினால் முதலில் நோயாளர் தொகை ஏறவே செய்யும். அதைக் கண்டு மாவட்ட அதிகாரியைக் கடிந்துகொள்ளாமல், அவருடைய ஊழியர் எத்தனை வீடுகளுக்குப் போயினர், எத்தனை பேருக்குப் படம் எடுத்தனர், கண்டறிந்தவர்களில் எத்தனை பேர் மருந்தை முற்றும் உண்டு முடித்தனர் என்று மேலிடம் கேட்பதே முறையாகும்.