பார்வைக்கு வேலி போடுவது யார்?

 

வீடியோ கேம்களில் உள்ள ஆபாசக் காட்சிகளை அவற்றை விற்கும் நிறுவனங்களே கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டன என்ற செய்தியைக் கேட்டதும், ‘இனி நமக்குக் கவலையில்லை’ என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர் உண்டு. ‘அந்த விளையாட்டுக் கருவியே நம் வீட்டில் இல்லை, இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?’ என்று கடந்து செல்வோரும் உண்டு. இவ்விரண்டு நிலைகளும் சரியல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிறுவனம் போட்ட வேலி

முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்வோம். ஜப்பானில் வெளியாகும் வீடியோ கேம்களுக்கு வயது வரம்பு குறிப்பதற்காக ‘செரோ’ என்ற அமைப்பு 2002-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. எல்லா வயதினருக்கும் உரியது என்பதில் தொடங்கி, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் உரியது என்பது வரை ஐந்து படிகளாக அது தரம் பிரிக்கிறது. இதற்கு மேலாக, பிளேஸ்டேஷன் கருவியைத் தயாரிக்கும் சோனி நிறுவனம் 2018-ஆம் ஆண்டு வாக்கில் தானே ஒரு கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

அவ்வாண்டு அக்டோபரில், ‘சென்ரான் ககுரா பர்ஸ்ட் ரீநியூவல்’ என்ற ஜப்பானிய விளையாட்டு இதில் சிக்கியது. பள்ளி மாணவிகளாகச் சித்திரிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை, விளையாடுபவர் தம் விருப்பப்படி தொட்டுச் சீண்டுவதற்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. பிளேஸ்டேஷன் பதிப்பிலிருந்து அப்பகுதி நீக்கப்படுவதாக அதை வெளியிடும் நிறுவனம் அறிவித்தது. கணினியில் விளையாடும் பதிப்பில் அது அப்படியே இருந்தது.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதுபற்றி எழுதியபோது, இத்தகைய விதிமுறைகள் இருப்பதைச் சோனி உறுதிப்படுத்தியது. இளையோரின் நல்ல வளர்ச்சிக்கு விளையாட்டு தடையாகிவிடக் கூடாது என்பது அது சொன்ன காரணம். அமெரிக்காவில் எழுந்த ‘மீ டூ’ இயக்கமும், ஜப்பானில் விற்கும் விளையாட்டின் காட்சிகள் இணையம் வழியாக உலகெங்கும் பரவித் தன் பெயரைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் பின்னணியில் இருந்ததாக அச்செய்தி கூறியது.

இதே துறையின் மற்றொரு பெரிய நிறுவனமான நிண்டெண்டோ வேறு நிலை எடுத்தது. வயது வரம்பைக் குறிக்க ஒவ்வொரு நாட்டிலும் தனி அமைப்புகள் இருக்கின்றன, கருவியை விற்பவர் தம் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுத்துத் தடுத்தால் விளையாட்டுகளின் பன்மையும் நியாயமும் பாதிக்கப்படும் என்ற கருத்தை அதன் தலைவர் ஃபுருகாவா 2019 ஜூனில் பங்குதாரர்களிடம் தெரிவித்தார். பிள்ளைகளைக் கட்டுப்படுத்தப் பெற்றோருக்குக் கருவியிலேயே வசதி தந்திருக்கிறோம் என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

இவ்விரண்டில் நாம் எதை ஆதரிப்பது? தீமையின் வாசல் எவர் கையால் அடைக்கப்பட்டாலும் அது நல்லதே. ஆகவே சோனியின் செயலை நான் வரவேற்கிறேன். ‘வெறும் வரைந்த படம்தானே, அதில் உண்மையான பெண் யாரும் இல்லையே’ என்று வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். திரைப்படத்தைப் பார்ப்பவன் பார்த்துக்கொண்டிருப்பதோடு நிற்கிறான். வீடியோ கேமில் அவனே செய்கிறான். அவனுடைய விரல் அசைந்தால்தான் திரையில் அந்தக் காரியம் நடக்கும். ஒரு பெண்ணின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சி அது. படம் பொய்யாக இருக்கலாம். உள்ளத்தில் படியும் பழக்கம் பொய்யன்று.

ஆனால் வரவேற்பது வேறு, அதை நம்பி இருந்துவிடுவது வேறு. ஒரு கடையில் எடுத்துவிட்ட சரக்கு பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்பதற்கு மேற்சொன்ன கணினிப் பதிப்பே சான்று. அதைவிட முக்கியமானது, அந்த வேலியின் அடித்தளம். பெயர் கெட்டால் விற்பனை கெடும் என்ற கணக்கு அதில் பெரும்பங்கு வகிக்கிறது. கணக்கு மாறும் நாளில் வேலியும் இடம் மாறும். அல்லாஹ் வகுத்த எல்லை சந்தை நிலவரத்தைப் பார்த்து நகர்வதில்லை.

நம் ஊரில் நடந்தது

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் பிளேஸ்டேஷன் வாங்கும் வசதி பெற்றோர் குறைவு. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் முறையில் உழைக்கும் தந்தையர் பலர். தந்தை இரவு ஷிஃப்டுக்குச் சென்றிருக்க, தாய் வீட்டு வேலையில் களைத்து உறங்கிவிட, பிள்ளையின் கையில் இருப்பது கைப்பேசி. அங்கே சோனியின் விதி எட்டிப் பார்ப்பதில்லை.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைவுகூருங்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது கைப்பேசி வாங்கிக் கொடுத்த காலம். 2020 செப்டம்பரிலேயே இந்திய அரசு தடை செய்துவிட்ட 118 செயலிகளுள் அடங்கிய பப்ஜி விளையாட்டை, தடையை மீறி விளையாடிக் காட்டி, லட்சக்கணக்கானோரை யூடியூபில் ஈர்த்திருந்தார் ‘பப்ஜி மதன்’ என்று அறியப்பட்டவர். விளையாடும்போது பெண்களை இழிவுபடுத்தி ஆபாசமாகப் பேசினார் என்று புகார்கள் குவிந்தன. நமக்கு அருகிலுள்ள புளியந்தோப்பு சைபர் கிரைம் காவல் பிரிவு அவரை விசாரணைக்கு அழைத்தது. தலைமறைவான அவர் ஜூன் 18 அன்று தருமபுரியில் கைது செய்யப்பட்டார். அவருடைய நேயர்களுள் பள்ளி மாணவர்களும் இருந்தனர் என்பதுதான் பெற்றோரை அன்று அதிர வைத்தது.

இந்த நிகழ்விலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பப்ஜி ஆபாசக் காட்சிகளுக்காக அறியப்பட்ட விளையாட்டு அன்று. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஜப்பானின் செரோ அமைப்போ சோனியின் விதிமுறையோ அதில் நீக்குவதற்குரிய பாலியல் காட்சியைத் தேடியிருந்தால் ஏமாந்துதான் போயிருக்கும். அசிங்கம் விளையாட்டின் படத்தில் இல்லை; அதன் மேல் ஒலித்த குரலில் இருந்தது. பிள்ளையின் காதில் ஹெட்போன் இருந்தது. வீட்டார் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் அக்குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை.

அரசின் சட்டங்கள் இதைக் காக்குமா? நம் நாட்டில் திரைப்படத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் உண்டு. வீடியோ கேமுக்கு அப்படியொரு சான்றிதழ் வாரியம் இல்லை. தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் கீழ் 2025-இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் 18 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தன. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை யாரும் உள்நுழையக் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவ்விதிகளை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்த இந்த மண்ணில் இவை தேவையான சட்டங்கள். எனினும் இவற்றின் பார்வை முதன்மையாகப் பணத்தின் மீது இருக்கிறது. பணம் இழக்காமல் நாணத்தை மட்டும் இழக்கும் பிள்ளையை இவை கண்டுகொள்வதில்லை.

இல்லத்தில் தொடங்கும் எல்லை

இரவு 12 முதல் 5 வரை என்ற நேரக் கட்டுப்பாட்டைச் செய்தித்தாளில் படிக்கும்போது, சூரத்துந் நூரின் 58-ஆவது வசனத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஃபஜ்ருத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹ் அங்கே கற்பிக்கிறான். பருவமடைந்துவிட்டால் எப்போதும் அனுமதி கேட்க வேண்டும் என்பது அடுத்த வசனத்தின் கட்டளை. வயதுக்கு ஏற்ற எல்லை, நேரத்துக்கு ஏற்ற எல்லை ஆகிய இரண்டும் இங்கே இருக்கின்றன. அவற்றைக் கற்றுத்தரும் பொறுப்பு வீட்டாரிடம் விடப்பட்டிருக்கிறது. எதைப் பார்க்கக் கூடாது என்பதைச் சிறு வயதிலேயே ஒழுக்கமாகப் பழக்கும் முறை இது. கதவைத் தட்டக் கற்ற பிள்ளைதான், தட்டாமல் திறக்கும் திரைக்கு முன்னும் தயங்கி நிற்கும்.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையிலிருந்து இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது நபியவர்களுடன் வாகனத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்லு இப்னு அப்பாஸ் (ரலி), மார்க்கச் சட்டம் கேட்க வந்த ஒரு பெண்ணை நோக்கியபடி இருந்தார். நபியவர்கள் தம் கையால் அவருடைய முகத்தை மறுபுறம் திருப்பினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் பெண்ணின் கேள்விக்கும் விடை கிடைத்தது. இளைஞரைக் கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கை எட்டியது.

இன்னொரு நிகழ்வு முஸ்னத் அஹ்மதில் உள்ளது. விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் வந்தபோது சுற்றியிருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்களோ அவரை அருகே அமர்த்தி, இதை உம் தாய்க்கு விரும்புவீரா, உம் மகளுக்கு விரும்புவீரா, உம் சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவரையே சிந்திக்க வைத்தார்கள். பின்னர் அவருக்காக துஆச் செய்தார்கள். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும் துணிவு அந்த இளைஞருக்கு நபியவர்களிடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நம்மிடம் அந்தத் துணிவு இருக்கிறதா?

மகன்களை விட்டுவிட்டோம்

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் சமுதாயத்தில் மகளின் கைப்பேசியை ஆராயும் கைகள் மகனின் கைப்பேசியைத் தொடுவதில்லை. மகள் யாரிடம் பேசுகிறாள் என்று பத்து முறை கேட்கும் வீட்டில், மகன் இரவு இரண்டு மணிக்கு எதைப் பார்க்கிறான் என்று ஒரு முறையும் கேட்பதில்லை. ‘பையன்தானே, கேம்தானே விளையாடுகிறான்’ என்பது வழக்கமான சமாதானம். சூரத்துந் நூரின் 30-ஆவது வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் இறைநம்பிக்கை கொண்ட ஆண்களையே ஏவுகிறது. பெண்களுக்கான கட்டளை அதன் பின் 31-ஆவது வசனத்தில் வருகிறது. அல்லாஹ் வைத்த வரிசையை நாம் நம் வீடுகளில் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மேலே சொன்ன ஜப்பானிய விளையாட்டும், பப்ஜி ஒளிபரப்பில் எழுந்த ஆபாசப் பேச்சும் முதன்மையாக ஆண்பிள்ளைகளைக் குறிவைத்தவை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் நாளை அவர்களுக்கு வாழ்க்கைப்படும் பெண்கள்.

செய்யக்கூடியவை

கைப்பேசியைப் பிடுங்கிவிடுவதே தீர்வு என்பார்கள் சிலர். பள்ளியின் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் அது நீடிக்காது. வீட்டில் மறுத்தால் நண்பனின் கைப்பேசி இருக்கிறது. பயன்படக்கூடிய சில வழிகளை மட்டும் சொல்கிறேன்.

இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே இடத்தில், வரவேற்பறையில் சார்ஜ் ஏறட்டும். எல்லாக் கைப்பேசிகளும் என்றால் தந்தையுடையதும் சேர்த்துத்தான். தம் தந்தை படுக்கையில் ரீல்ஸ் பார்ப்பதைக் காணும் பிள்ளைக்கு எந்த உபதேசமும் ஏறாது.

பிள்ளை விளையாடும் விளையாட்டின் பெயரையும், அவன் பார்க்கும் யூடியூப் சேனலின் பெயரையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்த பின் அரை மணி நேரம் அவன் அருகில் அமர்ந்து, ஹெட்போன் இல்லாமல் விளையாடச் சொல்லிப் பாருங்கள். குரல் உங்களுக்கும் கேட்கட்டும். கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவிகளிலும் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி இருக்கிறது. அதை அமைக்கத் தெரியாவிட்டால் ஜமாஅத்தில் விவரம் தெரிந்த இளைஞர்களிடம் கேளுங்கள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலிலேயே ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்க நிர்வாகிகள் முன்வரலாம்.

உஸ்தாத்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மக்தபில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உளூவையும் குளிப்பின் சட்டங்களையும் கற்பிக்கிறோம். குளிப்புக் கடமையாகும் வயது எதுவோ, அதுவே திரையின் சோதனை கடுமையாகும் வயதும் ஆகும். அந்தப் பாடத்தோடு சேர்த்தே பார்வையின் ஒழுக்கத்தையும், இன்றைய திரைகளைப் பெயர் சொல்லி, கண்ணியமான சொற்களில் கற்பிக்கலாம். பிள்ளை ஒன்றைப் பார்த்துவிட்டதாக வந்து சொன்னால் அதட்டாமல் கேட்பதும், தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்று சொல்வதும் நம் பணி.

நாணத்தை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். கிளை வேரிலிருந்து வளர்வது. வெளியிலிருந்து கட்டிவிட்டால் தங்காது. அரசும் நிறுவனங்களும் தம் பங்கைச் செய்யட்டும். அதற்காக நன்றியும் சொல்வோம். ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றி மறுமையில் கேள்வி கேட்கப்படப் போவது நாமே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் பார்வையையும் செவியையும் உள்ளத்தையும் தூய்மையாக்குவாயாக. அவர்கள் தயக்கமின்றி அருகில் வந்து பேசத்தக்க பெற்றோராகவும் ஆசிரியர்களாகவும் எங்களை ஆக்கி அருள்வாயாக. ஆமீன்.