விருப்ப ஓய்வும் விருப்பமில்லாத தொழில் மாற்றமும்

தில்லி லோதி ரோட்டில் உள்ள ஒன்றிய அரசு அலுவலக வளாகத்தின் 9ஆம் எண் கட்டடத்திற்குப் பெயர் மகாநகர் தூர்சஞ்சார் சதன். தில்லிக்கும் மும்பைக்கும் தொலைபேசி தந்த எம்.டி.என்.எல். நிறுவனத்தின் தலைமையகம் அது. அதே வளாகத்தின் 14ஆம் எண் கட்டடம் பொதுத்துறை நிறுவனங்கள் பவன். பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கென்றே அமைக்கப்பட்ட முதலீடு மற்றும் பொதுச்சொத்து மேலாண்மைத் துறை பல ஆண்டுகள் இந்த முகவரியிலிருந்துதான் இயங்கியது. அந்நிறுவனங்களிலிருந்து வெளியேற்றப்படும் ஊழியர்களுக்கு ‘ஆலோசனை, மறுபயிற்சி, மறுபணியமர்த்தல்’ என்ற திட்டத்தை நடத்திய பொதுத்துறை நிறுவனங்கள் துறைக்கும் அதுவே முகவரி. விற்பதற்கு ஒரு கதவு, அதனால் வேலை இழந்தவருக்குப் புதுத் தொழில் கற்றுத்தர அடுத்த கதவு! நவதாராளமயம் தொழிலாளிக்கு வைத்திருக்கும் எதிர்காலத்தை அறிய இந்த வளாகத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும்.

ஒரே வேலையில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெறும் காலம் மலையேறிவிட்டது என்றும், வாழ்நாளில் நான்கைந்து முறை தொழில் மாற்றத் தெரிந்தவரே பிழைப்பார் என்றும் ஓர் உபதேசம் இன்று எங்கும் ஒலிக்கிறது. அமைச்சர்களின் மேடைகளிலும், வணிக நாளேடுகளிலும், கட்டணம் வாங்கிக்கொண்டு ஊக்கம் விற்கும் பேச்சாளர்களின் அரங்குகளிலும் அதைக் கேட்கலாம். தொழில் மாற்றம் தனிமனிதரின் விருப்பம் சார்ந்தது; மனமிருந்தால் வயது ஒரு தடையல்ல; திறன் கற்றால் வேலை தானே தேடி வரும்; கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் வேலை தேடுபவரே வேலை கொடுப்பவராகிவிடலாம். கேட்பதற்கு இனிமையான இந்தக் கருத்துகளை லோதி ரோட்டின் அனுபவத்தோடு உரசிப் பார்க்க வேண்டும்.

முதலில் விருப்பம். 2019 அக்டோபர் 23 அன்று பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களுக்கான ‘மீட்புத் திட்டத்தை’ ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு என்பது அதன் முக்கிய அம்சம். நவம்பர் 4 அன்று விண்ணப்பம் தொடங்கி டிசம்பர் 3 அன்று முடிந்தது. முப்பது ஆண்டுக்கால உழைப்பு வாழ்க்கையை முடித்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க அளிக்கப்பட்ட அவகாசம் முப்பதே நாள். 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,569 பேரும் எம்.டி.என்.எல்.லிலிருந்து 14,387 பேரும் வெளியேறினர். லோதி ரோட்டைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனத்தில் எஞ்சியவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு.

தொண்ணூறாயிரம் பேருக்கு ஒரே மாதத்தில் எப்படி ஒரே ‘விருப்பம்’ பிறந்தது? அந்த ஆண்டு பிப்ரவரி மாதச் சம்பளமே பி.எஸ்.என்.எல். ஊழியர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. அதன் பின்னர் தாமதம் வழக்கமாயிற்று. எம்.டி.என்.எல்.லிலும் இதே நிலைதான். ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். ஓய்வு வயது 58ஆகக் குறைக்கப்படலாம் என்ற பேச்சும் அலுவலகங்களில் உலவியது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கும் வீட்டுக்கடன் தவணைக்கும் தேதி தள்ளிப்போகாத வீட்டில், சம்பளத் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து விழும். அதற்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவது, வழிப்பறியில் பறிகொடுத்த பணத்தை நன்கொடை என்று கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும்.

விருப்ப ஓய்வு என்ற ஏற்பாடே இந்த வளாகத்துத் துறையின் சுற்றறிக்கைகளால் வளர்ந்ததுதான். பொதுத்துறை நிறுவனங்களில் 1988 அக்டோபரில் அது அறிமுகமாயிற்று. 2000 மே மாதத்தில் விரிவாக்கப்பட்டது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், எஞ்சிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்ற ‘குஜராத் மாதிரி’ கணக்கு அப்போது வந்தது. அதிலேயே இன்னொரு நிபந்தனையும் உண்டு. விருப்ப ஓய்வு பெற்றவர் வேறொரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வாங்கிய கருணைத்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். வேறு தொழிலுக்கு மாறு என்று உபதேசிக்கும் அரசு, தன் நிறுவனங்களின் வாசலை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறது. ஐம்பது வயதுக்காரர் தனியார் சந்தையில்தான் மாற வேண்டும். அந்தச் சந்தையோ முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரின் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கே யோசிக்கிறது. ‘வயது தடையல்ல’ என்ற வாசகத்தை வேலை தேடுபவரிடம் சொல்லிப் பயனில்லை, வேலைக்கு எடுப்பவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்!

வெளியேற்றப்பட்டவர்கள் செய்துவந்த வேலை வழக்கொழிந்து போனதா என்றால், அதுவும் இல்லை. செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியிழை வந்தது உண்மை. ஆனால் பள்ளம் தோண்ட வேண்டும், கேபிள் இழுக்க வேண்டும், அறுந்ததை இணைக்க வேண்டும், வீட்டு வாசலில் நின்று பழுது நீக்க வேண்டும். எந்தத் தெருவின் அடியில் எந்தத் தடத்தில் கேபிள் போகிறது என்பதை வரைபடம் பார்க்காமலே அறிந்த லைன்மேனுக்கும் கேபிள் ஜாயிண்டருக்கும் கண்ணாடியிழை இணைப்பைக் கற்றுத்தருவதே மிக இயல்பான தொழில் மாற்றமாக இருந்திருக்கும். பணியில் இருக்கும்போதே, சம்பளத்தோடு, சொந்த நிறுவனத்திலேயே அதைச் செய்திருக்கலாம். நடந்தது வேறு. விருப்ப ஓய்வுக்குப் பின் பி.எஸ்.என்.எல்.லில் இணைப்புப் பராமரிப்பு, பழுது நீக்கும் பணிகள் ஒப்பந்ததாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே தெருவில், அதே கம்பத்தில், அதே வேலையை இன்று ஓர் இளைஞர் செய்கிறார். அவருக்கு நிரந்தரமில்லை, ஓய்வூதியமில்லை, ஏணியிலிருந்து விழுந்தால் கேட்பதற்கும் நாதியில்லை. தொழில் அப்படியே இருக்க, தொழிலாளியின் உரிமைதான் மாற்றப்பட்டது.

14ஆம் எண் கட்டடத்துத் துறை வெளியிட்டுவந்த பொதுத்துறை ஆய்வறிக்கைகளே இதற்குச் சான்று. 2013 மார்ச்சில் ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களில் 17.3 லட்சம் பேர் வேலையில் இருந்தனர். 2022 மார்ச்சில் அது 14.6 லட்சமாகச் சுருங்கியது. அதே காலத்தில் ஒப்பந்த, தற்காலிகத் தொழிலாளர்களின் பங்கு சுமார் 19 சதவீதத்திலிருந்து 42.5 சதவீதமாக உயர்ந்தது. பணியிடமே ஒப்பந்தக் கூலியாக மாற்றப்படும்போது, திறன் போதவில்லை என்று தொழிலாளியின்மீது பழி போடுவது பித்தலாட்டம்.

திறன் பயிற்சியின் கதையையும் பார்க்கலாம். 1992 பிப்ரவரியில், தாராளமயக் கொள்கை அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, நரசிம்மராவ் அரசு தேசியப் புதுப்பிப்பு நிதியத்தை அமைத்தது. சீர்திருத்தத்தால் வேலை இழப்போருக்கு மறுபயிற்சியும் மறுவேலையும் தருவோம் என்பது வாக்குறுதி. அந்நிதியத்தின் பணத்தில் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகை கொடுத்து ஆட்களை வெளியே அனுப்பவே செலவாயிற்று. 2000இல் நிதியம் கலைக்கப்பட்டது. அடுத்துவந்ததுதான் லோதி ரோட்டின் மறுபயிற்சித் திட்டம். அதில் பயிற்சிக் காலம் முப்பது, நாற்பத்தைந்து, அறுபது நாட்கள். இருபது முப்பது ஆண்டுகள் இயந்திரத்தோடு பழகிய கைக்கு, ஒன்றிரண்டு மாதத்தில் வேறு வாழ்க்கை! ஓய்வு பெற்றவருக்கு விருப்பமில்லையெனில் அவரைச் சார்ந்திருப்பவர் ஒருவர் அந்த இடத்தில் பயிற்சி பெறலாம் என்று பின்னர் விதி தளர்த்தப்பட்டது. மூத்தவருக்கு இது பயன்படாது என்று திட்டம் வகுத்தவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர் இதைப் புரிந்துகொள்ளத் தில்லிவரை போக வேண்டியதில்லை. உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நினைத்தால் போதும். 1960இல் நிறுவப்பட்டு, எக்ஸ்ரே பிலிம் முதல் திரைப்பட பிலிம் வரை தயாரித்த ஆலை. ஒளி படாத இருட்டறைகளில் படலம் பூசும் நுட்பத்தைப் பல்லாண்டு பழகித் தேர்ந்தவர்கள் அங்கே இருந்தனர். உதகையிலோ தமிழ்நாட்டிலோ அந்த நுட்பத்தை விலைக்கு வாங்க இன்னோர் ஆலை இல்லை. டிஜிட்டல் வருவது தெரிந்தும் ஆலையை மாற்றியமைக்க முதலீடு செய்யாமல் காலம் கடத்தப்பட்டது. 1996இல் நலிந்த ஆலையென்று அறிவித்தார்கள். 2014 பிப்ரவரியில் ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப 181.54 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆலையை மாற்ற மனமில்லாத அரசு, ஆட்களை மாறச் சொன்னது.

இந்த வாதத்திற்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். இயந்திரம் வேலையைப் பறித்தால் அதனால் விடுபடும் மூலதனம் வேறு துறையில் அதே தொழிலாளிக்கு வேலை தரும் என்று அன்றைய முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்கள் ஆறுதல் கூறினர். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் இந்த ஈட்டுக் கொள்கையைத் தனியே எடுத்துக்கொண்டு தகர்த்தார். உழைப்புப் பிரிவினை ஒரே வேலைக்கென்று முடக்கிவைத்த தொழிலாளி, அந்த வேலையிலிருந்து தூக்கியெறியப்பட்டால் மற்றத் துறைகளில் கடைநிலைக் கூலிக்குத்தான் இடம் பெறுவார் என்று காட்டினார். பொறியியல் நுட்பம் அறிந்தவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலராக நிற்கும் காட்சி எந்த நகரத்துக்கும் புதிதல்ல.

அடுத்து, ‘கையில் பணம் இருக்கிறதே, தொழில் தொடங்கு’ என்ற யோசனை. அரசுத் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து நிறுவனத்துக்கு மாற்றப்பட்டவர்களுக்காவது ஓய்வூதியம் என்ற பிடிமானம் இருந்தது. அது இல்லாத நிறுவனங்களில் ஓய்வுத்தொகையே முழு வாழ்க்கைக்கும் முதல். மருத்துவச் செலவு, மகளின் திருமணம், பழைய கடன் ஆகியவற்றைத் தாண்டி மிஞ்சுவது எவ்வளவு? மிஞ்சியதைப் பெட்டிக்கடையில் போட்டால், பக்கத்திலேயே பெருநிறுவனத்தின் சங்கிலிக் கடை திறக்கிறது. ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையில் இருப்போரில் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18இல் 52.2 சதவீதமாக இருந்து 2023-24இல் 58.4 சதவீதமாக ஏறியது. கடையிலும் வயலிலும் ஊதியமின்றி உழைக்கும் குடும்பத்தினரும் இந்தக் கணக்கில் அடக்கம். சம்பள வேலை கிடைக்காமல் ஒதுங்கியவர்களின் இந்தப் பெருக்கத்தைத்தான் ஆட்சியாளர்கள் தொழில்முனைவு என்று கொண்டாடுகிறார்கள்.

உண்மையான தொழில் மாற்றம் நடந்ததற்கும் லோதி ரோட்டுப் பகுதியே சாட்சி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சுருக்கெழுத்தாளராகவும் எழுத்தராகவும் ரயிலேறித் தில்லி வந்தவர்கள் லோதி காலனி போன்ற அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்து, பெற்றோர் எண்ணிப் பாராத தொழில்களுக்குச் சென்றார்கள். மாதம் தவறாத சம்பளம், தலைக்கு மேல் கூரை, குறைந்த கட்டணத்தில் பள்ளி, மருத்துவ வசதி, ஓய்வூதியம் ஆகியவையே அந்தத் தாவலுக்கு மேடையாயின. துணிச்சல் பற்றிச் சொற்பொழிவாற்ற அங்கே எவரும் தேவைப்படவில்லை. அந்த மேடையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அடுத்த தலைமுறையை இன்னும் உயரத் தாவச் சொல்வது என்ன நியாயம்?

தொழிற்சங்கங்கள் தொழில் மாற்றத்துக்கே எதிரிகள் என்ற குற்றச்சாட்டும் பழையதே. சுவீடனில் தொழில் மாற்றத்துக்கான விரிவான கொள்கையை வகுத்தவர்களே தொழிற்சங்கப் பொருளாதார வல்லுநர்களான ரென், மெய்ட்னர் இருவரும்தான். 1951இல் அந்நாட்டுத் தொழிற்சங்க மாநாட்டின்முன் வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், முழு வேலைவாய்ப்பு முதல் நிபந்தனையாக இருந்தது. பயிற்சிக்கும் இடம்பெயர்வதற்குமான செலவை அரசு ஏற்றது. மாறுபவருக்கு மறுகரையில் வேலை காத்திருந்தது. இங்கே பாலத்தை எரித்துவிட்டு நீச்சல் பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிறார்கள்.

ஆட்களைக் குறைத்தால் நிறுவனம் பிழைக்கும் என்றார்களே, எம்.டி.என்.எல். பிழைத்ததா? 14,387 பேரை அனுப்பிய பிறகும் அதன் கடன் ஏறியது. 2025இல் 34 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. பொதுத்துறை வங்கிகளுக்குத் தவணை கட்டவும் இயலவில்லை. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜியுடன் களமிறங்கியது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்க ஒன்றிய அரசு முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான். நாடு தழுவிய 4ஜி சேவையின் தொடக்க விழா நடந்தது 2025 செப்டம்பரில். ஒன்பதாண்டு இடைவெளி யார் உண்டாக்கியது? கேபிள் ஜாயிண்டரின் திறன் குறைவா அதற்குக் காரணம்?

இவ்வளவுக்கும் பிறகு, 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மத்தியத் தொழிற்சங்கங்கள் அதே ஆண்டு ஜூலை 9 அன்று பொது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவை இவை. தொழிலுறவுத் தொகுப்பின்படி 300 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 100. பதிலுக்கு, ‘தொழிலாளர் மறுதிறன் நிதி’ என்று ஒன்றைச் சட்டத்தில் எழுதி, பெருஞ்சாதனையாக விளம்பரப்படுத்துகிறார்கள். ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொருவருக்கும் முதலாளி அந்நிதிக்குச் செலுத்த வேண்டிய தொகை, அவர் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாளுக்கு உரியது. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கும் அதே 15 நாள்தான். அந்தப் பணமும் வேலை போன 45 நாட்களுக்குள் அவர் கணக்கில் வந்து சேருமாம்.