ஆலை வெளிச்சத்தில் சனிக்கோள்

கும்மிடிப்பூண்டியில் இரவு முழுமையாக வருவதில்லை. சிப்காட் ஆலைகளின் விளக்குகள் அடிவானத்தை விடியும்வரை செம்மஞ்சளாகவே வைத்திருக்கின்றன. 2022-இல் நான் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கியபோது, "இந்த ஊரில் இதை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பீர்கள்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது.

இழந்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பால்வீதி இங்கே தெரிவதில்லை. கார்த்திகை மீன்கூட்டம் வெறுங்கண்ணுக்கு மங்கிய திட்டாகிவிட்டது. ஆனால் நிலவும் வியாழனும் சனியும் இந்த வெளிச்சத்துக்கு அஞ்சுபவை அல்ல. அவற்றைக் காணக் காவலூர் மலைக்குப் போக வேண்டியதில்லை, மொட்டைமாடி போதும்.

என் கருவியின் முகப்பு வில்லை 70 மி.மீ. அகலம், குவியத் தொலைவு 700 மி.மீ. கண்ணருகே 25 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 28 மடங்கு, 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கு பெரிதாகத் தெரியும். பெட்டியிலோ 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். வில்லையின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் பயன்படும். அதற்குமேல் உருவம் பெருக்குமேயன்றித் தெளியாது. புதிதாக வாங்குவோர் மடங்கைப் பார்க்காமல், ஆடாத முக்காலியைப் பார்த்து வாங்குவது நலம்.

28 மடங்கிலேயே வியாழனின் நான்கு நிலவுகள் வரிசையாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். 1610 ஜனவரியில் கலிலியோ அவற்றைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்குக் கருவியில்தான். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் நம்மை நோக்கும்படி ஒடுங்கின. இனி ஆண்டுதோறும் விரிந்து 2032-ஆம் ஆண்டளவில் அகன்று நிற்கும். இன்று தொடங்குபவர் அந்த விரிவை முழுவதும் உடனிருந்து பார்க்கலாம்.

முதல் ஆண்டில் ஓர் இரவு, பணிக்குக் கிளம்பிய அண்டைவீட்டு ஆலைக்காவலரை அழைத்துச் சனியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு குழாயின் முன்பக்கம் போய் எட்டிப்பார்த்தார். "சார், உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்கீங்களா?" என்றார். கருவியைச் சற்றே நகர்த்தி, கோள் பார்வையிலிருந்து விலகிப்போவதைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அத்தனை ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவர் அவர். சனி அவர் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது.

வானம் வல்லுநர்களின் உடைமை என்று நாம் எப்போது முடிவுசெய்தோம்? சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவ்வாறு கருதவில்லை. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பற்றி மக்களுக்காகத் தமிழிலும் நூல் வெளியிட்டார். இன்றோ, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாட்களில் தெருவே மாடியில் நிற்கிறது. தீப்பொட்டு மறைந்ததும் எல்லோரும் இறங்கிவிடுகிறோம். இரவில் கிளம்பும் நாட்களிலாவது இன்னும் பத்து நிமிடம் நின்றால் என்ன?

ஆலைகளிடமும் ஒரு வேண்டுகோள். இரவில் உழைப்பவருக்கு வெளிச்சம் வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ஒளி தரையில் மட்டும் விழும்படி ஒரு மூடியைப் பொருத்துங்கள். மேலே போகும் ஒளியால் எந்தத் தொழிலாளிக்கும் பயனில்லை; அது வீணான மின்சாரம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சூரியனை மட்டும் ஒருபோதும் இக்கருவியால் நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். முழுநிலவையும் முதலில் நாடாதீர்கள். நிழலின்றித் தட்டையாகத் தெரியும். வளர்பிறை எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பாருங்கள். பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு எழுந்து நிற்கும். ஆலை விளக்குகள் எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் அவை நினைவுக்கு வராது.