மேடையில் அறிவு, வாசலில் அளவுநாடா

அழகிப் போட்டிகளுக்கு ஆதரவாக இன்று எங்கும் கேட்கும் வாதம் இதுதான்: அவை பழைய காலத்து உடல் கண்காட்சிகள் அல்ல, பெண்ணின் அறிவையும் தன்னம்பிக்கையையும் சோதிக்கும் களங்கள், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை உலகறியச் செய்யும் ஏணிகள். கல்லூரி விழாவில் 'மிஸ் ஃப்ரெஷர்' பட்டம் சூட்டுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மேடை ஏறும் பெண்கள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர்களின் உழைப்பு கடுமையானது. மேடைக்குச் சூட்டப்படும் பெருமைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

1. "அழகை மட்டுமல்ல, அறிவையும் பார்க்கிறார்கள்."

பார்க்கிறார்கள்தான். ஆனால் எப்போது? புகழ்பெற்ற அந்த மேடைக் கேள்வி கடைசிச் சுற்றில், மிஞ்சியிருக்கும் சிலரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. பதில் சொல்லச் சில நொடிகள். பெரும்பாலும் உடல்வாகும் நடையும் தோற்றமும் பார்த்து மற்றவர்களை அதற்கு முன்பே கழித்துவிடுகிறார்கள். மிஸ் இந்தியா போட்டிக்கு விண்ணப்பிப்பதற்கே குறைந்தபட்ச உயரம் விதிக்கப்பட்டிருந்தது. மணமான பெண்களையும் தாய்மார்களையும் மிஸ் யுனிவர்ஸ் 2023-ல்தான் உள்ளே விட்டது. உச்ச வயது வரம்பை 2024-ல்தான் எடுத்தது. 2018-ல் மிஸ் உக்ரைன் ஆன வெரோனிகா டிடுசென்கோ, ஒரு குழந்தைக்குத் தாய் என்று தெரிந்ததும் பட்டத்தை இழந்தார். அறிவுதான் அளவுகோல் என்றால் இந்த விதிகளுக்கெல்லாம் என்ன வேலை?

2. "பெண் முன்னேற்றமே நோக்கம்."

பிறந்த கதையைப் பார்த்தால் நோக்கம் தெரிந்துவிடும். 1921-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டி தொடங்கியது, கோடை முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகளைக் கடற்கரையில் பிடித்துவைப்பதற்காக. மிஸ் வேர்ல்டு, 1951-ல் லண்டனில் எரிக் மோர்லி நடத்திய பிகினிப் போட்டியிலிருந்து வளர்ந்தது. மிஸ் யுனிவர்ஸ் பிறந்த விதம் இன்னும் வெளிப்படையானது. மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற யோலந்த் பெட்பீஸ், நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய் விளம்பரத்துக்கு நிற்க மாட்டேன் என்று மறுத்தார். விளம்பரதாரரான கேட்டலினா நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு வெளியேறி, 1952-ல் தனக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கியது. ஒரு பெண் 'முடியாது' என்று சொன்னதால் உருவான போட்டியைத்தான் இன்று பெண்களின் குரல் என்கிறார்கள்.

3. "இந்தியப் பெண்ணின் அழகை உலகமே அங்கீகரித்தது."

1966-ல் ரீட்டா ஃபாரியா மிஸ் வேர்ல்டு ஆனார். அதன்பின் 28 ஆண்டுகள் மிஸ் வேர்ல்டு, மிஸ் யுனிவர்ஸ் என்ற இரண்டு மகுடங்களில் எதுவும் இந்தியாவுக்கு வரவில்லை. 1994-ல் சுஷ்மிதா சென், ஐஸ்வர்யா ராய். 1997-ல் டயானா ஹெய்டன். 1999-ல் யுக்தா முகி. 2000-ல் லாரா தத்தா, பிரியங்கா சோப்ரா. ஏழே ஆண்டுகளில் ஆறு மகுடங்கள். பிறகு 2017-ல் மானுஷி சில்லர் வரை மறுபடி வறட்சி. நம் பெண்களின் அழகு 1994-ல் திடீரென்று மலர்ந்து 2000-த்தில் வாடிவிட்டதா? 1991-ல் சந்தை திறந்தது. பன்னாட்டு ஒப்பனைப்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கேபிள் டிவி வீடுதோறும் நுழைந்தது. நடுவர்களை யாரோ விலைக்கு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மகுடங்களால் யாருடைய வியாபாரம் பெருகியது என்பதற்குச் சிற்றூர்கள் வரை முளைத்த அழகு நிலையங்களே சாட்சி.

4. "எளிய பெண்களுக்கு இது ஏணி."

ஆட்டோ ஓட்டுநரின் மகள் மான்யா சிங், மிஸ் இந்தியா 2020 போட்டியில் 'ரன்னர்-அப்' ஆனவர். அவருடைய வெற்றி உண்மையானது. ஆனால் அது செய்தியானதே அரிதாக நடந்ததால்தான். உடை, பயிற்சி, பல் சீரமைப்பு, சருமச் சிகிச்சை என்று செலவழிக்க வழியில்லாதவருக்கு இது லாட்டரிச் சீட்டு. வாங்கிய எல்லோருக்கும் விழுவதில்லை. ரீட்டா ஃபாரியாவின் ஏணி எதுவென்று பாருங்கள்: அவர் மருத்துவ மாணவி, மகுட ஆண்டு முடிந்ததும் படிப்புக்குத் திரும்பி மருத்துவரானார்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் 'மிஸ் கூவாகம்' போட்டி, ஊர் ஒதுக்கிய திருநங்கைகளுக்கு ஊரறிய நிற்க ஓர் இடம் தந்தது. அவர்களுக்குக் கிடைத்த கௌரவம் அந்தக் கூடுகையால் வந்தது, மதிப்பெண்ணால் அல்ல.

5. "யாரையும் கட்டாயப்படுத்துவதில்லையே."

மேடையில் நிற்பவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இந்தப் போட்டிகள் பாதிப்பது மேடை ஏறாதவர்களைத்தான். நிற வெறியை அழகிப் போட்டிகள் கண்டுபிடிக்கவில்லை. 'சிவப்பான பெண் தேவை' என்ற மணமகள் தேவை விளம்பரமும் 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகுக் களிம்பும் தொண்ணூறுகளின் மகுடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் வேலையைத் தொடங்கிவிட்டன. போட்டிகள் செய்தது வேறு. அத்தை, சித்தி வாயில் இருந்த வசவை நடுவர் குழுவின் தீர்ப்பாக்கின. "கறுத்துப் போயிட்டியேடி" என்றால் பெண் சண்டைக்காவது போகலாம். தரவரிசை அதையே சொன்னால் அவள் யாரிடம் சண்டை போடுவாள்? 2020-ல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது, பழக்கம் போகவில்லை. பையன்களும் தப்பவில்லை. 'மிஸ்டர்' பட்டம் அவர்களை ஜிம்முக்கும் புரோட்டீன் பவுடருக்கும் துரத்துகிறது. கூடப் படிக்கும் பெண்ணுக்கு மார்க் போடவும் பழக்குகிறது.

6. "எதிர்ப்பவர்கள் பண்பாட்டுக் காவலர்கள்."

1996-ல் பெங்களூரில் மிஸ் வேர்ல்டு நடந்தபோது எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரையே விட்டார். நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றினார்கள். பெண்ணை மூடி வைக்கச் சொன்ன கூட்டம் அதில் இருந்தது உண்மை. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1968-ல் அட்லாண்டிக் சிட்டியிலும் 1970-ல் மிஸ் வேர்ல்டு நடந்த லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கிலும் போராடியவர்கள் பெண் விடுதலை இயக்கத்தினர். அவர்கள் உடையின் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை. பெண்ணை எடைபோடும் உரிமை யாருக்கு என்று கேட்டார்கள். மிஸ் வேர்ல்டும் மிஸ் அமெரிக்காவும் பின்னாளில் நீச்சலுடைச் சுற்றைக் கைவிட்டதை இன்று 'போட்டிகள் மாறிவிட்டன' என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். மாற்றத்துக்கான விதையை ஊன்றியது எதிர்த்தவர்களே. மிஸ் யுனிவர்ஸில் நீச்சலுடைச் சுற்று இன்னும் தொடர்கிறது.

அறிவும் தன்னம்பிக்கையும்தான் முக்கியம் என்று அமைப்பாளர்கள் மெய்யாகவே நம்பினால், அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கேள்விச் சுற்றை முதலில் வைக்கட்டும்; விண்ணப்பித்த எல்லோரிடமும் கேட்கட்டும்; அதுவரை நடுவர் கண்ணில் யாரும் பட வேண்டாம். உயரக் கணக்கைத் தூக்கி எறியட்டும். அப்படித் தேர்வாகும் பெண் குட்டையாக இருக்கலாம், கறுப்பாக இருக்கலாம், நாற்பது வயதுக்காரராக இருக்கலாம். அவரை வைத்து முகப்பூச்சு விற்க முடியுமா என்று எந்த விளம்பரதாரர் யோசிக்கத் தொடங்குகிறாரோ, போட்டி யாருக்காக நடந்தது என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.