லைசென்ஸ் மட்டும் போதாது!

லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஆலையில் பாய்லரைக் கவனிக்கச் சான்றிதழ் வேண்டும். கபடி ஆட்டத்தில் முழங்கால் பிசகி விழும் பையனின் காலைப் பிடித்து இழுப்பவருக்கு என்ன வேண்டும்?

அமெரிக்காவில் விளையாட்டு வீரரின் காயத்தைக் கவனிப்பது தனித் தொழில். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் பரீட்சையில் தேறி அனுமதி பெற்றவரே அதைச் செய்யலாம். இங்கே ஜிம் பயிற்சியாளருக்கு நாடு தழுவிய லைசென்ஸ் முறையே கிடையாது.

பிசியோதெரபிஸ்டுகள் முதலானோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2021-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. மாநிலக் கவுன்சில்களை ஆறு மாதத்தில் அமைக்க வேண்டும் என்றது. பல மாநிலங்கள் அமைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் சட்டத்தை அமுல் நடத்தும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று!

வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் சர்க்காரின் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைத் தொழிலாளர் பிள்ளைகள் ஆடும் மைதானத்துக்குப் படித்துத் தேறியவரை அனுப்புவது யார் பொறுப்பு?

கால் போனால் பணக்காரன் பிள்ளைக்கு ஆட்டம் போகும்; கூலிக்காரன் பிள்ளைக்குப் பிழைப்பே போகும்.

லைசென்ஸ் என்று சொல்லி, கிராமத்தில் சம்பளமில்லாமல் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆட்டக்காரரை விரட்டுவதும் நியாயமல்ல. அவருக்கு முதலுதவிப் பயிற்சியை இலவசமாகக் கொடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டுகளைச் சர்க்கார் சம்பளத்தில் பள்ளிகளுக்கும் மைதானங்களுக்கும் நியமிக்க வேண்டும். ஆளை நியமிக்காத சட்டம் வெறும் காகிதமே.

தொழிலாளர்களே, விவசாயத் தோழர்களே! உங்கள் சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள்.