கம்ப்யூட்டர் சொன்னால் சரியா?

இன்று பேரப்பிள்ளைகளிடம் டேட்டா என்றால் கைபேசிக்குப் போடும் ரீசார்ஜ். அது இருக்கட்டும். படித்த அதிகாரிகளே தரவையும் தகவலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இது சொல்லுக்கான சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குழப்பத்தால் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தது. கிளைகளில் பணம் குறைகிறது என்று திரை காட்டியது. அதை நம்பி 2015 வரை 900-க்கும் அதிகமானோரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றங்கள் தீர்மானித்தன.

திரை காட்டியது என்ன? ஓர் எண். அதாவது தரவு. 2015-ல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளையில் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண்டு வரவைப் பதியும்போது திரை நகரவில்லை. ஊழியர் மறுபடி மறுபடி என்டர் தட்டினார். ஒவ்வொரு தட்டலும் ஒரு வரவாகி, கணக்கில் 32,000 ஏறியது. கையில் இருந்ததோ 8,000. பேரேடு எழுதிய எந்தப் பழைய குமாஸ்தாவும் அடுத்தடுத்து ஒரே தொகை நான்கு தரம் வந்திருப்பதைக் கண்டால், "இரட்டைப் பதிவோ?" என்றுதான் முதலில் கேட்பார். ரொக்கத்தை எண்ணுவார், சீட்டைப் புரட்டுவார். அதன் பிறகு கிடைப்பதுதான் தகவல்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, தப்பாகப் பதிந்தவர்தான் பொறுப்பு" என்பார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், கிளைக்காரருக்குத் தெரியாமலே புஜிட்சு ஊழியர்கள் வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடிந்தது என்றும் 2019-ல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2024-ல் தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தார்கள். போன வருஷங்களை யார் தருவார்?

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. உதவி கேட்டுப் போன் செய்த பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்றே பதில் கிடைத்தது. அந்தப் புகார்களும் தரவுதானே? எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தால், கோளாறு எங்கே என்ற தகவல் ஆரம்பத்திலேயே கிடைத்திருக்கும். வேண்டிய எண்ணை நம்பினார்கள், வேண்டாத எண்ணை எண்ணவே இல்லை.

ஆகவே, கவுன்டரில் யாராவது "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அந்தத் தொகை எந்தப் பதிவிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.